பதினேழு என்று சொன்னான்

ஜெயில், தலோஜா
7 ஜூலை 2024

தங்கை பேராச்சிக்கு அண்ணன் சுடலைக்கண்ணன் எழுதிக்கொண்டது. நான் இங்கே உயிரோடு இருக்கிறேன். நீயும் அம்மாவும் சுகமா? அம்மாவின் முட்டுவலிக்கு மாத்திரை வாங்கினாயா?

என்னடா இது, இவன் காகிதமெல்லாம் எழுதுகிறான் என்று பார்க்காதே. போனில் பேச விடும் கொஞ்ச நேரத்தையும் அம்மா அழுதே தீர்த்துவிடுகிறாள். நேரில் பார்க்கிற முலாகாத்துக்கும் அம்மாதான் வருகிறாள். நீ ஏன் என்னைப் பார்க்க வருவதில்லை? கேட்டால் கடையில் வேலை என்கிறாள். நாம் ரெண்டு பேரும் வேலை பார்த்த மீரான் பாய் ஜெர்சிக் கடையைப் போலீஸ் பூட்டி வைத்திருப்பது எனக்குத் தெரியாதாக்கும்!

இங்கே என்னோடு இருப்பவர்களில் ஒருத்தன் கூலிக்கு வெட்டியவன், இன்னொருத்தன் பெண்டாட்டியை எரித்தவன். 'நீ எதுக்குடா உள்ளே வந்தே?' என்று கேட்டார்கள். 'பாஸ்கெட்பால்' என்றேன். அவனுங்க என்னைப் பார்த்துச் சிரிக்கிறானுங்க! உட்கார வைத்து விளக்கினேன். அமெரிக்காவில் பாஸ்டன்காரன் பச்சை, எங்கள் லேக்கர்ஸ் மஞ்சள். உலகத்திலேயே அதிகக் கப்பு ஜெயித்தவர்கள் இந்த ரெண்டு பேர்தான். பதினேழுக்குப் பதினேழு என்று சமமாக நின்றது. அன்றைக்குக் காலையில் பச்சை பதினெட்டாவதை ஜெயித்துவிட்டது. ஜெயிக்கட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எங்களுடைய பதினேழை ஒருத்தன் குறைத்துச் சொன்னால் விட முடியுமா?

அந்தப் பச்சைக் கட்சி நகுல் இன்னும் ஐசியூவில்தான் என்றாள் அம்மா. பாவம். மீரான் பாய் கடை ஏணி செங்குத்து என்று நான் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். அதிலிருந்து தலைகுப்புற விழுந்தால் அப்படித்தான் ஆகும். நீ பக்கத்திலேயே அச்சு மேஜையில்தானே நின்றாய்? அவன் விழுந்ததை நீ சொன்னால் போதும், ஜாமீன் லேசாகக் கிடைக்கும் என்கிறார் வக்கீல்.

இங்கே வரும் காகிதத்தைத் தமிழ் தெரிந்த வார்டர் ஒருவர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். பார்த்து எழுது, தாயி.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணன்


தாராவி
2 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்குப் பேராச்சி எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மழைத் தண்ணீர் கீழ்வீட்டில் கணுக்கால் வரை வந்து வடிந்தது. மாத்திரை வாங்கிவிட்டேன்.

நகுல் திங்கட்கிழமை இறந்துவிட்டான். கடைசிவரை கண் திறக்கவில்லையாம். லேபர் கேம்ப் பாஸ்கெட்பால் கோர்ட்டில் ஆடுகிற பையன்கள் எல்லோரும் பச்சை ஜெர்சி போட்டுக்கொண்டு பாடை பின்னால் போனார்கள். நெஞ்சில் பதினெட்டு நட்சத்திரம் வைத்த ஜெர்சி. நான் அச்சடித்ததுதான், அவன் அன்றைக்கு வாங்க வந்தானே, அதே கட்டு.

சாவு வீட்டுக்கு நானும் போனேன். அவன் அம்மா என்னை உள்ளே விட மாட்டாள் என்று நினைத்தேன். விட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள், 'ஏட்டி, எம்புள்ள கடைசியா என்ன சொன்னான்?' கையை விடுவித்துக்கொண்டேன். எழுந்து வந்துவிட்டேன்.

போலீஸ் என்னிடம் எழுதி வாங்கியது நான் அங்கே இருந்தேன் என்பதை மட்டும்தான். மீதியைக் கோர்ட்டில் சொல்கிறேன் என்றேன். மீரான் பாய், தான் ஏறி வந்தபோது உன் கையில் இரும்புக் குழாய் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். அவர் பார்த்தது அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

பேராச்சி


ஜெயில், தலோஜா
25 ஆகஸ்ட் 2024

பேராச்சிக்கு. இங்கே எனக்குச் சொறி வந்து உடம்பெல்லாம் புண். உங்கள் சுகத்துக்கு எழுது.

இப்போது என் மேல் கொலைக் கேஸ். நீ ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், மழையைப் பற்றியும் சாவு வீட்டைப் பற்றியும். ஏணியைப் பற்றி ஒரு வரி உண்டா? இல்லை. உனக்கு அண்ணன் முக்கியமா, பச்சை ஜெர்சி முக்கியமா?

நம் வீட்டில் பச்சைக் கட்சி நீதானே. பன்னிரண்டு என்கிற பேச்சு யார் வாயிலிருந்து முதலில் வந்தது? சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்து தினமும் வம்பிழுப்பாய். 'லேக்கர்ஸ் அஞ்சு கப்பை மினியாபொலிஸ்ல இருந்தப்பல்லா ஜெயிச்சான். பொறவு லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடி வந்துட்டான். ஊர் மாறினவன் பழைய ஜெயிப்பையும் மூட்டை கட்டித் தூக்கிட்டு வருவானா? கழிச்சா பன்னெண்டுதாம்ணே.' இப்படித்தானே சொல்வாய்? நீ அதைக் கடையில் எல்லோரும் சிரிக்கச் சொல்லித்தானே நகுலுக்கும் தெரிந்தது?

நானும் விடாமல் பதில் சொல்வேன். நம் அப்பா நெல்லையப்பன் சங்கரன்கோவிலிலிருந்து ரயிலேறி வந்தபோது பேரையும் மானத்தையும் அங்கேயே இறக்கி வைத்துவிட்டா வந்தார்? ஊர் மாறினாலும் கணக்கு கூடவே வரும். பதினேழு என்றால் பதினேழுதான்.

அதனால் கேட்டுக்கொள். இதில் உனக்கும் பங்கு இருக்கிறது. கோர்ட்டில் நிற்கும்போது அதை நினைத்துக்கொண்டு நில்.

சுடலைக்கண்ணன்


தாராவி
19 அக்டோபர் 2024

அண்ணனுக்கு. சொறிக்கு வேப்பெண்ணெய் அம்மா கொண்டு வந்தாளே, தடவினாயா? அம்மாவுக்குத் தூக்கம் குறைவு. எனக்கு ஒன்றுமில்லை. கடையைத் திறந்துவிட்டார்கள், வேலைக்குப் போகிறேன். தரையைக் கழுவிக் கழுவிப் பார்த்தும் கட்டிங் மேஜைக்கு அடியில் சிமெண்ட் கறுப்பாகத்தான் இருக்கிறது. மீரான் பாய் அதன் மேல் தார்ப்பாயை விரித்துவிட்டார்.

ஆமாம், நான்தான் சொல்வேன். சொன்னதற்கு எனக்கு என்ன கிடைத்தது என்பதையும் எழுதியிருக்கலாமே?

கரோனா வருஷம் மஞ்சள் பதினேழாவதை ஜெயித்த காலை. நீ தெருவெல்லாம் ஜிலேபி கொடுத்துவிட்டு வந்தாய். நான் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டே, 'பன்னெண்டாவது ஜிலேபி நல்லா இருக்குண்ணே' என்றேன். என் மோதிர விரல் இன்றுவரை மடங்கவில்லை. அச்சு மை இழுக்கிற ரப்பர் பட்டையை மூன்று விரலால்தான் பிடிக்கிறேன். ஆஸ்பத்திரியில் கேட்டபோது ஏணியிலிருந்து விழுந்தாள் என்று எழுதிக் கொடுத்தது நீ. தலையை ஆட்டியது நான்.

போன வருஷம் மே மாதம் மஞ்சள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் நாலும் தோற்று வெளியே போன காலை, டிவியை அணைக்கச் சொன்னது அம்மா. அம்மா நெற்றியில் ஆறு தையல். அதுவும் ஏணிதான். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், நம் வீட்டு ஏணி பொல்லாத ஏணி என்று.

வார்டர் ஐயா படித்தால் படிக்கட்டும். நான் ஒன்றும் தப்பாக எழுதவில்லை. ஏணி என்றுதானே எழுதியிருக்கிறேன்?

குளிர் தொடங்கப் போகிறது. போர்வையை அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பேராச்சி


ஜெயில், தலோஜா
12 ஜனவரி 2025

அன்பான தங்கைக்கு. பொங்கல் வாழ்த்து. போர்வை வந்து சேர்ந்தது. சொறி ஆறிவிட்டது. அம்மாவும் நீயும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன்.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் லேபர் கேம்ப் கோர்ட்டில் முதன்முதலில் பந்தைப் போட வைத்தது நான்தானே? பந்து வளையத்தில் விழுந்ததும் நீ என் தலைமுடியைப் பிடித்து ஆட்டிய ஆட்டம்! வலி உயிர் போயிற்று. உனக்கு மஞ்சள் ஜெர்சி வாங்கி வந்தேன், நீ வேண்டுமென்றே பச்சையைக் கேட்டு அழுதாய். மறுநாள் பச்சையும் வாங்கி வந்தேனா இல்லையா? அந்த அண்ணன்தான் இந்த அண்ணன்.

இங்கே ராத்திரி கண்ணை மூடினால் குழாய் கையிலிருந்து நழுவுகிற மாதிரி இருக்கிறது. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

நீயும் அம்மாவும் தனியாக இருப்பது எனக்குக் கவலை. சாய்நாத்திடம் சொல்லியிருக்கிறேன். நம் மஞ்சள் டீமில் என்னோடு ஆடினவன், தங்கமான பையன். அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்வான். அவன் சொல்வதை நான் சொன்னதாக எடுத்துக்கொள்.

கோர்ட்டில் உன் சாட்சிக்குத் தாரீக் எப்போது வரும் என்று தெரிந்ததும் எழுது.

அண்ணன்


தாராவி
9 மார்ச் 2025

அண்ணனுக்கு. உன் உடம்பு தேறியது கேட்டு நிம்மதி. இங்கே சுகம் என்று எழுத முடியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

உன் தங்கமான பையன் வந்தான். முதல் தரம் வந்தபோது மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலிலேயே என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் சாய்த்து, 'பெஹன் ஹை தூ. பெஹன் ஜைஸா ரெஹ்' என்று இந்தியில் மிரட்டினான், அண்ணனுக்குத் தங்கச்சி மாதிரி நடந்துகொள் என்று. பூக்காரி ஒருத்தி செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்ததால் விட்டான். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

இரண்டாவது தரம் வீட்டுக்கே வந்தான். அம்மா உன் சிநேகிதன் என்று டீ போட்டுக் கொடுத்தாள். போனில் பேசுகிறவன் மாதிரி வெளியே ஏணிப் பக்கமாக வெகுநேரம் நின்றான். பக்கத்துக் கடையில் இரும்பு அறுக்கிற சத்தம் எப்போதும் கேட்கிறதுதானே, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் எனக்குக் காய்ச்சல். படுத்திருந்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு அம்மா மாடியிலிருந்து இறங்கினாள். மேலிருந்து மூன்றாவது படி ஒரு பக்கம் விட்டுக்கொண்டது. குடம் கீழே போய் நசுங்கியது. அம்மா மேலேயிருந்து தொங்குகிற பிடிகயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கினாள். உள்ளங்கைத் தோல் உரிந்து கயிறெல்லாம் ரத்தம். கீழ்வீட்டு பரீஹா ஓடி வந்து காலைத் தாங்கிக்கொண்டாள். விழவில்லை.

அம்மா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அந்தப் படியைத் தடவித் தடவிப் பார்த்தாள். புதிதாக அறுத்த இடம் வெள்ளையாக மினுங்கியது. 'இது துரு இல்லட்டி' என்றாள். அன்று சமைக்கவில்லை.

அந்த இடத்தில் வேறு படி வெல்டிங் வைத்தாயிற்று. உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்.

பேராச்சி


ஜெயில், தலோஜா
23 மார்ச் 2025

பேராச்சிக்கு. உன் காகிதம் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அம்மா கை ஆறியதா?

அம்மா ஏன் முதலில் இறங்கினாள்? காலையில் தண்ணீர் பிடிக்க எப்போதும் நீதானே முதலில் இறங்குவாய்!

அம்மாவை ஒருதரம் வரச் சொல். நான் பேசிக்கொள்கிறேன்.

சுடலைக்கண்ணன்


ஜெயில், தலோஜா
30 ஜூலை 2025

தங்கைக்கு. சுகமா? நாலு மாதமாகப் பதில் இல்லை. அம்மாவும் வருவதில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. நம் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று சாய்நாத் சொல்லி அனுப்பினான். எங்கே போனீர்கள்? மாஹிமில் தேடினான், செம்பூரில் தேடினான். மீரான் பாயைக் கேட்டால் கத்தரியைத் தூக்கிக்கொண்டு அடிக்க வருகிறாராம்.

நான் கெட்டவனா? நீயே சொல். எனக்கு என்று இந்த உலகத்தில் என்ன இருந்தது? காலையிலிருந்து துணி வெட்டுகிறேன், அதிலேயே கண் போகிறது. எவனோ எங்கோ ஜெயிப்பதை என் ஜெயிப்பு என்று வைத்துக்கொண்டேன். அதையும் ஒருத்தன் என் தங்கச்சி முன்னால், நான் வேலை பார்க்கிற கடையில் நின்றுகொண்டு கழித்துச் சொல்கிறான். ரத்தம் கொதிக்காதா? அவன் மட்டும் வாயைத் திறந்து ஒழுங்காகச் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. உனக்குத் தெரியும்.

நவம்பரில் உன் சாட்சி. வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார். நீ ஒன்றும் கதை கட்ட வேண்டாம். தாராவியில் ஏணியிலிருந்து விழாத ஆள் உண்டா? உன் விரல் முறிந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தை நானே தேடி எடுக்கச் சொல்லி அவரிடம் கொடுத்துவிட்டேன். அதைக் காட்டிக் கேட்பார். 'ஆமாம் ஐயா, ஏணியில் விழுவது சகஜம்' என்று ஒரு வார்த்தை சொல்லு. இத்தனை வருஷமாகச் சொன்னதுதானே? இன்னும் ஒரே ஒரு தரம்.

சொன்னால் நான் வெளியே வருவேன். சொல்லாவிட்டாலும் ஒருநாள் வெளியே வருவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவையும்.

அண்ணன்


21 நவம்பர் 2025

அண்ணனுக்குப் பேராச்சி எழுதுவது. உன் ஜூலைக் காகிதம் மீரான் பாய் வழியாக என் கைக்கு வந்தது. கோர்ட்டில் உன்னைப் பார்த்தேன், மிகவும் இளைத்திருக்கிறாய். இருமலுக்கு மருந்து கேட்டு வாங்கு. அம்மா கை ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது, ஆனால் குடம் தூக்குகிறாள்.

நான் கூண்டில் நின்ற நேரமெல்லாம் நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். காதில் விழுந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் திரும்ப எழுதுகிறேன். இந்தியில் சொல்லவா என்று கேட்டார்கள். நகுல் பேசியது தமிழ், தமிழில்தான் சொல்வேன் என்றேன்.

சொன்னது இதுதான். நகுல் ஜெர்சிக் கட்டை வாங்க வந்தான். நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்தான், மை இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டிய பச்சையை உன்னிடம் காட்டிச் சிரித்தான். 'என்னண்ணே, எங்களுக்குப் பதினெட்டு, உங்களுக்குப் பன்னெண்டு' என்றான். நீ துணி சுற்றுகிற இரும்புக் குழாயை உருவினாய். முதல் அடி முழங்காலில். அவன் ஏணிப் பக்கம் போகவே இல்லை, கட்டிங் மேஜைக்கு அடியில்தான் விழுந்தான். நான் உன் இடுப்பைப் பிடித்து இழுத்தேன், முழங்கையால் என் வாயில் இடித்தாய். இரண்டாவது அடி அவன் தோளில். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நீ குழாயை ஓங்கியபடியே, 'எத்தனைலே? சொல்லுலே, எத்தனை?' என்று கேட்டாய்.

அவன் பதினேழு என்றான். 'பதினேழுண்ணே, பதினேழு' என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே சொன்னான். அதற்குப் பிறகுதான் நீ அவன் தலையில் அடித்தாய்.

வாயைத் திறந்து ஒழுங்காகச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாயே. சொன்னான், அண்ணே. நீ ஜெயித்துவிட்டாய். ஜெயித்த பிறகு அடித்தாய். இதைத்தான் ஒன்றரை வருஷமாக என்னால் உனக்கும் எழுத முடியவில்லை, அவன் அம்மாவுக்கும் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கேட்டுக்கொண்டாள்.

அப்புறம் உன் வக்கீல் எழுந்தார். நீ தேடிக் கொடுத்த காகிதத்தை எடுத்தார். 'இரண்டாயிரத்து இருபது அக்டோபரில் நீயே ஏணியிலிருந்து விழுந்து விரலை முறித்துக்கொண்டாய். உன் அம்மாவும் விழுந்திருக்கிறார். தாராவியில் இது சகஜம்தானே?' என்று கேட்டார். தலையை ஆட்டினால் போதும். பழக்கத்தில் கழுத்து லேசாக அசையவும் செய்தது.

நான் சொன்னேன், 'எங்க வீட்டு ஏணியிலேருந்து இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் விழுந்ததில்ல ஐயா.'

மொழி மாற்றிச் சொல்கிறவர் நான் தவறிப் பேசிவிட்டேன் என்று நினைத்து மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். விரலைத் தூக்கிக் காட்டினேன். இது யார் செய்தது என்று ஜட்ஜ் கேட்டார். சொன்னேன். அம்மாவுக்கு யார் என்று கேட்டார். அதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் அம்மா எழுந்து நின்றாள். போலீஸ் கான்ஸ்டபிள் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எப்போதும் நெற்றியை மூடி வாரியிருப்பாளே, அந்த முடியை ரெண்டு கையாலும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்போதுதான் நீ தலையைத் தூக்கினாய்.

விலாசம் எழுதவில்லை. தேட ஆள் அனுப்பாதே. மீரான் பாயும் அவர் வீட்டம்மா ஷரீஃபுன்னிசாவும் எங்களுக்கு ஒரு ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறார்கள். சாய்நாத் பெயரைப் போலீஸில் கொடுத்திருக்கிறோம். அறுத்த படியையும் கொடுத்தோம்.

இன்னும் ஒன்று. மினியாபொலிஸில் ஜெயித்த அந்த ஐந்தும் லேக்கர்ஸுடையதுதான். எனக்கு அது எப்போதுமே தெரியும். உன் முகம் சிவப்பதைப் பார்க்கத்தான் பன்னிரண்டு என்பேன். நகுலும் அப்படித்தான் சொல்லியிருப்பான். நீ சொன்னது சரி. ஊர் மாறினாலும் கணக்கு கூடவே வரும்.

குளிர் தொடங்கிவிட்டது, போர்வையை விரித்துப் படு.

பேராச்சி